தையல் நிலையத்துக்கு எதுக்குப் பின்கதவு?

ஜன்னலோரம் நீங்களே உக்காருங்க. எனக்குக் காத்து ஆகாதுங்க, தொண்டை கட்டிக்கும். தொண்டைதான் நமக்குச் சோறு போடுது. மைக்செட் நாச்சிமுத்துன்னு எங்க பக்கம் யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க. நீங்க தாராபுரந்தானே போறீங்க? நானும் அங்கதான். நல்லதாப் போச்சு, பேசிக்கிட்டே போயர்லாம்.

உங்களை ஒண்ணு கேக்கட்டுங்களா? தப்பா நெனச்சுக்காதீங்க, சும்மாத்தான் கேக்கறேன். பின்னால நீலச் சட்டை போட்டுக்கிட்டு ஒருத்தர் உக்காந்திருக்காரு பாருங்க. கண்டக்டர் எல்லாத்துக்கும் டிக்கெட் கிழிச்சாரு. அவருக்கு மட்டும் ஏன் கிழிக்கலை?

பாத்தீங்களா, திரும்பிட்டீங்க. நீங்க மட்டுமில்ல, அந்தப்பக்கம் கூடையை மடியில வெச்சிருக்கற அம்மாவும் திரும்பிப் பாத்துது. இத்தனை நேரம் அந்தக் கண்டக்டர் நல்ல மனுசன். பொட்டிக்கு எடம் பண்ணிக் குடுத்தாரு, வயசானவங்களைக் கைபுடிச்சு ஏத்துனாரு. இப்ப உங்க மனசுல அவரு யாரு? நான் அவரைப் பத்தி ஒரு வார்த்தை தப்பாச் சொன்னனுங்களா? சொல்லலை. கேட்டேன், அவ்வளவுதான்.

நீலச்சட்டைக்காரர் டிப்போ மெக்கானிக்குங்க. ஏறும்போது பாஸை எடுத்துக் காட்டுனாரு, நான் பக்கத்துல நின்னு பாத்தேன். அது வேற விசயம்.

இதுதானுங்க என்ற தொழில். எலக்சன் வந்தா ஆட்டோவுல மைக்கைக் கட்டிக்கிட்டு வார்டு வார்டாச் சுத்தறது. முன்னயெல்லாம் மத்தவங்க மாதிரித்தான் நானும் பேசிட்டிருந்தேன். சாக்கடைப் பணத்தைச் சாப்ட்டுட்டான், ரோட்டைத் தின்னுட்டான்னு நேரா அடிச்சுவுட்டேன். ஒரு ஆளு வக்கீல் நோட்டீஸ் வுட்டுட்டான். வாய்தா வாய்தான்னு நாலு வருசம் கோர்ட்டு வராண்டாவுல நின்னேன். கடைசியில எனக்காகப் பேசுன வக்கீலே சொன்னாரு, ‘ஏய்யா நாச்சிமுத்து, நீ எதுக்குச் சொன்னே? கேட்டிருக்கலாமில்ல? கேள்விக்கு எவன் கேஸ் போடுவான்?’

எனக்கு அந்த எடத்துலயே கண்ணு தொறந்துருச்சுங்க.

அடுத்த எலக்சன்ல எதிராளி ஒருத்தரு பஸ் ஸ்டாப்புல நெழற்குடை கட்டிக் குடுத்திருந்தாரு. நல்ல நெழற்குடை, மழை ஒழுகாது. ‘தாய்மார்களே, நெழற்குடை கட்டுனவரு ஊட்டுல ஒருத்தராவது பஸ்சுல போயி பாத்திருக்கீங்களா? அப்பறம் யாருக்காகக் கட்டுனாரு? சிந்திப்பீர்.’ அவ்வளவுதான் கேட்டேன். மூணாம் நாளு அந்த நெழற்குடையில ஒதுங்கி நிக்கறதுக்கே சனங்க சங்கடப்பட்டுது. மழையில நனைஞ்சுக்கிட்டு ரோட்டுல நின்னாங்க. மனுசன் தோத்துட்டாரு.

இதுல ஒரு நுணுக்கம் இருக்குதுங்க. யாருக்கும் சொல்லித் தரமாட்டேன், நீங்க நம்ம பக்கத்து சீட்டுங்கறதால சொல்றேன். கேள்வி கேட்டதும் வண்டி நகந்தரோணும். நின்னுட்டா எவனாவது பதில் சொல்லிப்போடுவான். ஆட்டோ ஓட்டறது ரபீக்குனு ஒரு தம்பி. நான் ‘சிந்திப்பீர்’னு சொல்லி வாயை மூடறதுக்கும் அவன் கியர் போடறதுக்கும் சரியா இருக்கும். அந்த நேரத்துக்குப் பாட்டு. அடுத்த தெரு முக்குல போயித்தான் பாட்டை நிறுத்தறது. அப்பறம் அங்க ஒரு கேள்வி.

பதிலை நாம சொல்லவே வேண்டியதில்லீங்க. சனங்களே கேள்வியை அரத்துல ராவிக் கூராக்கிக்குவாங்க. நாம நெனச்சுப் பாக்காத பதிலெல்லாம் அவங்க கண்டுபுடிப்பாங்க. அதைக் கேட்டு நானே பலதடவ ஆச்சரியப்பட்டிருக்கறேன்.

போன எலக்சனுக்கு வாரேன். எங்க பேரூராட்சி ஒம்பதாவது வார்டு. நம்ம ஆளு ரைஸ்மில் சென்னியப்பன். மில்லுல இருந்து நெல்லு உமி காத்துல பறந்து வார்டு பூரா இருமிக்கிட்டிருக்கறதால அவருக்குக் கொஞ்சம் கெட்டபேரு. எதுத்து நின்னது விசாலாட்சி டீச்சருங்க. சுயேச்சை. தையல் மெஷின் சின்னம். பேரூராட்சியோட பழைய குடோனை வாடகைக்கு எடுத்து, பன்னெண்டு வருசமா பொம்பளப் புள்ளைகளுக்குத் தையல் சொல்லிக் குடுத்தது அந்தம்மா. எங்க வார்டுல ரவிக்கை தைக்கத் தெரிஞ்ச புள்ளை எதுன்னாலும் அங்க படிச்சதுதான்.

சென்னியப்பன் தலையில கையை வெச்சுக்கிட்டாரு. ‘ஏப்பா நாச்சி, அந்தம்மாவைப் பத்தி என்னத்தைப்பா சொல்றது? ஒண்ணுமே இல்லியே.’

‘ஒண்ணும் இல்லீன்னாத்தானுங்க கேள்வி கேக்கறது சுலபம்’னு நான் சொன்னேன். அவருக்கு அப்பத்தான் மொகத்துல ரத்தம் வந்துது.

நெம்ப யோசிச்செல்லாம் எழுதலீங்க. டீக்கடையில உக்காந்து ஒரு பீடிக் கட்டுக் காயிதத்துல எழுதுனேன். ‘ஒம்பதாவது வார்டு வாக்காளப் பெருமக்களே. தையல் நிலையத்துக்கு முன்னால ஒரு கதவு இருக்குது. பின்னால எதுக்கு இன்னொரு கதவு? பொழுது போனதுக்கப்பறமும் அங்க எதுக்கு லைட்டு எரியுது? நாங்க எதுவும் சொல்லலை. கேக்கறோம். சிந்திப்பீர்.’

ரபீக்கு கியர் போட்டுட்டான்.

மொத நாளு யாரும் கண்டுக்கலை. ரெண்டாம் நாளு டீக்கடையில ஒரு கெழவரு கேக்கறாரு, ‘ஆமா, பின்னால எதுக்குக் கதவு?’ மூணாம் நாளு கதவுக்குப் பின்னால காரு வந்து நிக்குதுன்னு ஒருத்தன் சொல்றான். காரு நெறம் வெள்ளைன்னு இன்னொருத்தன். நான் காரைப் பத்தி வாயே தொறக்கலீங்க. சத்தியமா. கதவைத்தான் கேட்டேன். அஞ்சாம் நாளு அந்தக் காரு கேரளா நம்பருன்னு என்ற சம்சாரம் சாந்தாமணியே எங்கிட்ட வந்து சொல்றா. அவளுக்கு நான் எழுதுனதுன்னு தெரியும். தெரிஞ்சும் காரை நம்பறா.

ஆறாம் நாளு டீச்சரம்மா ரோட்டுக்கு வந்துட்டாங்க. கையில ஒரு பெரிய நோட்டு, புள்ளைக வந்த நேரம் போன நேரமெல்லாம் எழுதி வெச்சிருக்கற பதிவேடு. ஆட்டோவுக்கு முன்னால கையைக் காட்டி நின்னு, ‘அண்ணா, ஒரு நிமிசம் நிறுத்துங்க, நான் பதில் சொல்லிடறேன்’னு சொன்னாங்க. எனக்குக் கூட மனசு ஒருமாதிரி ஆயிருச்சுங்க. ஆனா தொழில்னு ஒண்ணு இருக்குதில்ல. நான் கும்புடு போட்டேன். மரியாதையாத்தான் போட்டேன். ரபீக்கு சந்துல திருப்பிட்டான். நான் பாட்டைச் சத்தமா வெச்சேன்.

நூத்திச் சொச்சம் ஓட்டுல அந்தம்மா தோத்துட்டாங்க. சென்னியப்பன் எனக்குப் பொன்னாடை போத்துனாரு. போட்டோ கூட இருக்குது, போன்ல காட்டறேன். இப்ப வேண்டாம், சார்ஜு கம்மி.

எலக்சன் முடிஞ்சா எல்லாம் முடிஞ்சுதுன்னுதானுங்க நாம நெனப்போம். ஆனா தையல் நிலையத்துக்கு வந்த புள்ளைக ஒண்ணொண்ணா நின்னுருச்சு. நாப்பது புள்ளைக இருந்த எடத்துல ஆறு வந்துது, அப்பறம் ரெண்டு. ஆடி மாசம் பூட்டிட்டாங்க. அதுக்கு நான் என்னங்க பண்ணறது? ஊர்ல ரெடிமேடு வந்துருச்சு, யாரு இப்ப தையல் படிக்கறாங்க?

சரி, இப்ப நான் எதுக்குத் தாராபுரம் போறேன்னு கேக்கலியே நீங்க. கேளுங்க. பதில் சொல்றேன்.

என்ற பொண்ணு மைதிலிங்க. ஒரே பொண்ணு. பிகாம் முடிச்சிருக்குது. தாராபுரத்துல ஒரு எடம் வந்துது. பையன் கூட்டுறவு சொசைட்டியில வேலை, கெட்ட பழக்கம் கெடையாது. ஜாதகம் நல்லாப் பொருந்திருச்சு. பூ வெச்சுட்டுப் போயிட்டாங்க. ரெண்டு பேரும் போன்ல பேசிக்குவாங்க. நான் கண்டும் காணாத மாதிரி இருந்துக்குவேன். அந்தப் புள்ளை சிரிக்கறது உள்ரூம்புல இருந்து கேக்கும். அதைக் கேக்கறதுக்குன்னே நான் டிவியைச் சின்னதா வெப்பேன். நிச்சயத்துக்குப் போடறதுக்கு அதுவே ஒரு ரவிக்கை தெச்சு வெச்சிருக்குது. கையில பூ வேலை பண்ணுனது. எனக்குத் தையலைப் பத்தி ஒண்ணும் தெரியாது, ஆனா பாத்தா கண்ணு நெறஞ்சு போகுமுங்க.

நிச்சயத்துக்கு முந்தி பையனோட தாய்மாமன் எங்க ஊருக்கு வந்திருக்காரு. விசாரிக்கத்தான். நம்ம சனங்கள்ல இது வழக்கந்தானுங்களே. பொண்ணு ஊட்டுக்குச் சொல்லாம வந்து, மளிகைக்கடை, மாவு மில்லுன்னு நாலு எடத்துல காதுல போட்டுக்கிட்டுப் போவாங்க. நானும் அவங்க பக்கம் போயி விசாரிச்சவன்தான். அதுல குத்தமில்லை.

அவரு விசாரிச்சது மளிகைக்கடை மாரப்பன்கிட்ட. எங்க தெரு மொனையில கடை. இருவது வருசமா அவன் கடையிலதான் எங்க ஊட்டுக்குச் சாமான். மாரப்பன் என்ன சொல்லியிருக்கோணும்? ‘தங்கமான புள்ளை, நல்ல குடும்பம்.’ சொல்லியும் இருக்கறான். அதோட நிறுத்தலாமில்ல? ‘புள்ளைக்குக் கைவேலையும் தெரியுமுங்க, தையல் நிலையத்துல ரெண்டு வருசம் இருந்துது’ன்னுட்டு, சும்மா போறபோக்குல ஒண்ணு கேட்டிருக்கறான். ‘ஆமா, அந்தத் தையல் நிலையத்துக்கு எதுக்குங்க பின்னால கதவு?’

தாய்மாமன் ஒரு சோடா குடிச்சுட்டு அடுத்த பஸ்சுல போயிட்டாரு. ரெண்டு நாளு கழிச்சுப் போன். ‘ஜாதகத்தை இன்னொரு எடத்துல பாக்கலாம்னு இருக்கறோம்.’ ஜாதகம் ஏற்கெனவே மூணு எடத்துல பாத்தாச்சுங்க.

நேரா மாரப்பன் கடைக்குப் போனேன். கடையில ஆளு நின்னா நிக்கட்டும்னு கத்துனேன். ‘ஏண்டா, என்ற பொண்ணைப் பத்தி என்னடா சொன்னே?’

அவன் தராசை நிறுத்தலை. ‘நான் என்னங்க மாமா சொன்னேன்? ஒண்ணும் சொல்லலியே. கேட்டேன். நீங்க மைக்குல கேட்டதைத்தான் நானும் கேட்டேன்.’

நீங்களே சொல்லுங்க, ரெண்டும் ஒண்ணுங்களா? நான் கேட்டது எலக்சன்ல. எலக்சன்ல ஆயிரம் கேப்பாங்க. இவன் கேட்டது ஒரு பொண்ணோட வாழ்க்கை. பொண்ணு பாக்கற எடத்துல வந்து இந்த மாதிரிக் கேக்கலாமுங்களா? கேட்டுப்போட்டு ஒண்ணும் தெரியாதவனாட்டம் பருப்பு நிறுக்கறான். மனசாட்சின்னு ஒண்ணு வேண்டாமா? நெம்பப் பேருக்கு இப்ப அது இல்லீங்க.

சிரிக்கறீங்களா? இல்லையா? சரி, இருமலு.

ஊட்டுக்கு வந்தா மைதிலி சோபாவுல உக்காந்திருக்குது. அந்தப் பையன் போன் பண்ணி எல்லாத்தையும் சொல்லிட்டான் போல. அழலைங்க. அழுதிருந்தா ஏதாவது சமாதானம் சொல்லியிருப்பேன். ‘அப்பா, அந்தக் கதவு எதுக்குன்னு உங்களுக்குத் தெரியாதா?’னு கேட்டுது.

நான் செருப்பைக் கழட்டறதுல கவனமா இருந்தேன்.

தெரியுமுங்க. தெரியாம என்ன? மைதிலி அங்க சேந்தப்பப் பதினெட்டு வயசு. அந்தக் குடோன்ல கக்கூஸ் கெடையாது. பஸ் ஸ்டாண்டு தாண்டி, ஒயின்ஷாப்பு பக்கத்துல இருக்கற பொதுக் கழிப்பிடத்துக்குத்தான் போகோணும். அங்க நிக்கறவனுக வாயி சும்மா இருக்காது. அதுக்குப் பயந்துக்கிட்டு இந்தப் புள்ளை காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் தண்ணியே குடிக்காம இருந்து, நீர்க்கடுப்பு வந்து ஆஸ்பத்திரியில மூணு நாளு படுத்திருந்துது. நான்தான் போயி டீச்சரம்மாகிட்டச் சண்டை போட்டேன். அவங்க மொத மாசமே பேரூராட்சிக்கு எழுதிப் போட்டதைக் காட்டுனாங்க. அப்பறம் நானே முன்னால நின்னு, குடோனுக்குப் பின்னால கக்கூஸ் கட்ட வெச்சேன். செவுத்தை இடிச்சு வழி வுட்டதும் நான்தான். பெருந்துறையில பழைய ஊடு இடிக்கற எடத்துல ஒரு வேப்பமரக் கதவு பாத்து வாங்கிட்டு வந்து, ஆசாரியைக் கூட்டிட்டுப் போயி, கூடவே நின்னு புடிச்சு மாட்டுனேன். கீல் சத்தம் போடக்கூடாதுன்னு எண்ணெய் வுட்டதும் நான்தான்.

லைட்டா? அது பள்ளிக்கொடம் தொறக்கற சமயத்துல யூனிபாரம் ஆர்டர் வருமுங்க. புள்ளைக எட்டு எட்டரை வரைக்கும் உக்காந்து தெப்பாங்க. மைதிலியை நான்தான் டிவிஎஸ்சுல போயிக் கூட்டிட்டு வருவேன். பின்கதவு வழியாத்தான் வரும், அந்தப்பக்கம் வண்டி திருப்பறதுக்கு எடம் இருக்குது.

அப்படிப் பாக்காதீங்க. தெரியாதுன்னு நான் எங்கயாவது சொன்னனுங்களா? கேட்டேன். தெரிஞ்சவன் கேக்கக்கூடாதுன்னு எந்தச் சட்டத்துல இருக்குது?

மைதிலி அதுக்கப்பறம் எங்கிட்டப் பேசலைங்க. சோறு போட்டு வெக்கும், தண்ணி வெக்கும், வாயி மட்டும் தொறக்காது. ஒரு ஊட்டுல மைக்குக்காரன் ஒருத்தன் இருக்கறான், அந்த ஊட்டுல சத்தமே இல்லை. பத்து நாளு இருந்து பாருங்க, அப்பத் தெரியும்.

பையன் நல்லவன்தானுங்க. எனக்குப் போன் பண்ணி, ‘மாமனை நீங்க நேர்ல வந்து ஒருதடவை பாத்துப் பேசுங்க. வர்ற ஞாயித்துக்கிழமை அவங்க வேற எடத்துக்குப் பொண்ணு பாக்கப் போறாங்க. அதுக்குள்ள வந்துருங்க’ன்னான். அதுதான் சனிக்கிழமை இன்னைக்கே கெளம்பிட்டேன்.

நான் போயி என்ன பேசுனாலும் பொண்ணைப் பெத்தவன் பேச்சுதானே? விசாலாட்சி டீச்சர் வந்து சொன்னா எடுபடும். எந்த மொகத்தை வெச்சுக்கிட்டுப் போறதுன்னு நாலு நாளு யோசிச்சேன். பின்ன போனேன். ஒரு சீப்பு பழம் வாங்கிட்டுப் போனேன்.

அந்தம்மா இப்ப ஊட்டுலயே முன்ரூம்புல ஒரு மெஷினைப் போட்டுக்கிட்டு, ஜன்னல் துணி தெச்சுக்கிட்டு இருக்காங்க. என்னைப் பாத்ததும் திட்டுவாங்கன்னு நெனச்சேன். ‘வாங்க நாச்சிமுத்தண்ணா, இந்தத் துணியை அந்த மொனையில கொஞ்சம் புடிங்க, வெட்டோணும்’னாங்க. புடிச்சேன். புடிச்சுக்கிட்டே எல்லாத்தையும் சொன்னேன். மாரப்பன் பண்ணுன அக்கிரமத்தையும் சொன்னேன். அவங்க கத்தரியைக் கீழ வெக்கலை.

முழுசாக் கேட்டுட்டு, ‘அன்னைக்கு ரோட்டுல நோட்டைத் தூக்கிட்டு வந்து நின்னேன். நீங்க பாட்டுப் போட்டுட்டீங்க’ன்னாங்க.

நான் துணி மொனையை இன்னும் இழுத்துப் புடிச்சேன்.

‘மைதிலிக்காக வர்றேன். அந்தப் புள்ளை எங்கிட்ட ஒரு தப்பு தையல் போட்டதில்லை. ஆனா அங்க வந்து நான் வாயைத் தொறக்கமாட்டேன். கேள்வி உங்களோடது, பதிலையும் நீங்கதான் சொல்லோணும். கதவு எதுக்கு, மாட்டுனது யாரு, லைட்டு எதுக்கு, வந்து கூட்டிட்டுப் போனது யாரு. நாலையும் சொல்லோணும். தெரிஞ்சேதான் மைக்குல கேட்டேன்னும் சொல்லோணும். நான் பக்கத்துல உக்காந்திருப்பேன், அவ்வளவுதான்.’

ஒத்துக்கிட்டேன். வேற வழி?

முன்னால, டிரைவருக்குப் பின்சீட்டுல, பச்சைச் சேலை. அவங்கதான். மூணு பேராப் போகக்கூடாதுன்னு சாந்தாமணியை ஊட்டுலயே வுட்டுட்டேன். மெதுவாப் பேசோணும், காதுல வுழுந்தா சங்கடம்.

காலையில இருந்து மனசுக்குள்ள சொல்லிப் பாத்துக்கிட்டே வாரேன். கதவு கக்கூசுக்குப் போறதுக்கு. இது வந்துருதுங்க. லைட்டு யூனிபாரம் தெக்கறதுக்கு. இதுவும் வந்துருது. நான்தான் மாட்டுனேன், தெரிஞ்சேதான் கேட்டேன்ங்கற எடத்துல நாக்கு ஒட்டிக்குது. முப்பது வருசம் மைக்குல பேசுன நாக்குங்க இது. அதை மட்டும் வுட்டுட்டு மத்ததைச் சொன்னாப் போதாதுங்களா? பொண்ணுக்கு வேண்டியது அதுல வந்துருதில்ல?

என்னங்க கேட்டீங்க? மத்தப் புள்ளைகளா?

ஆமாங்க, நாப்பது புள்ளைக இருந்தாங்கதான். அவங்களுக்கும் ஊட்டுல பாத்துட்டுத்தான் இருப்பாங்க. மேக்காலத் தெருவுல ஒரு புள்ளைக்கு ரெண்டு எடம் வந்து ரெண்டும் தட்டிப் போச்சுன்னு சாந்தாமணி ஒருநாள் சொன்னா. அது வேற காரணமா இருக்கும். இருக்குமில்லீங்களா? ஒவ்வொரு ஊட்டுக்கும் போயி நான் கதவைப் பத்திச் சொல்லிட்டிருக்க முடியுமா? நீங்க வாத்தியாருங்களா? கேக்கறதைப் பாத்தா அப்படித்தான் இருக்குது.

வண்டி எதுக்கு நின்னுருச்சு? முன்னால பாருங்க, தேங்கா மட்டை லாரி. டயரு வெடிச்சுக் குறுக்க நிக்குது. மட்டை பூரா ரோட்டுல. போச்சு, காங்கயம் தாண்டுனாலே இப்படித்தான்.

பின்னால என்ன சத்தம்?

அட, கூடைக்கார அம்மா எந்திரிச்சுப் போயிக் கண்டக்டர்கிட்டச் சண்டைக்கு நிக்குது. ‘எங்ககிட்ட மட்டும் கறாராக் கேக்கறியே, நீலச்சட்டைக்கு ஏன் டிக்கெட் குடுக்கலை’ன்னு. அந்தப்பக்கம் பாருங்க, வேட்டி கட்டுன ஆளும் எந்திரிச்சுட்டான். ‘தெனமும் இப்படித்தான், பாதிப் பேரை ஓசியில ஏத்திக்கறாங்க’ங்கறான். தெனமும் இவன் இந்த பஸ்சுல வர்றானா என்ன? கண்டக்டர் பாவம், மொகம் செவந்து போச்சு. காலைப் பஸ்சுல இருந்து நின்னுக்கிட்டே இருக்கற மனுசன்.

என்னை எதுக்குப் பாக்கறீங்க? நான் கேட்டதுதான், சரி. உங்ககிட்டத்தான் கேட்டேன், அந்தம்மாகிட்டயா கேட்டேன்?

டீச்சரம்மா திரும்பிப் பாக்கறாங்க. சண்டையைப் பாக்கலைங்க, என்னையப் பாக்கறாங்க. அவங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?

சரி, பையைக் கொஞ்சம் புடிங்க. போயிச் சொல்லிட்டு வந்தர்றேன். ஒரு வார்த்தைதானே.

கேட்டீங்களா, கேட்டீங்களா? நல்லாத் தொண்டையைத் தொறந்துதான சொன்னேன்? ‘அவரு டிப்போ ஆளுங்க, பாஸ் வெச்சிருக்காரு, நான் என் கண்ணால பாத்தேன்’னு. கடைசி சீட்டு வரைக்கும் கேட்டிருக்கும். அதுக்குக் கூடைக்கார அம்மா என்ன கேட்டுது? ‘உனக்கு எப்படித் தெரியும்? கண்டக்டருக்கு நீ என்ன சொந்தம்?’ நீலச்சட்டைக்காரர் பாஸை எடுத்து நீட்டறாரு, ஒருத்தர் கூட வாங்கிப் பாக்கலைங்க. ‘பாஸா, அது யாரு வேணும்னாலும் அடிச்சுக்கலாமே’ங்கறான் வேட்டிக்காரன். நெசத்தைத்தானுங்க சொன்னேன். எனக்கு அழுகையே வந்துருச்சு. பதில் சொல்லலாம்னு வாயைத் தொறக்கறேன், லாரியை ஒதுக்கிட்டாங்க போல, டிரைவர் வண்டியை எடுத்துட்டாரு. அவங்கவங்க சீட்டுல உக்காந்துட்டாங்க. அவ்வளவுதான், முடிஞ்சுது.

பையைக் குடுங்க.

தாராபுரம் இன்னும் எவ்வளவு தூரமுங்க? அரை மணி நேரமா? பக்கந்தான் அப்போ.

மைதிலி இப்ப போனைக் கையில வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கும்.

உங்களை ஒண்ணு கேக்கறேன். இது சும்மா கேக்கறதில்லைங்க, எனக்குப் பதில் வேணும், நீங்க சொல்ற வரைக்கும் நான் எங்கயும் எந்திரிக்க மாட்டேன். நான் போயி அந்தக் கதவை நான்தான் மாட்டுனேன்னு சொன்னா, நம்புவாங்களா?